அதிகமா, குறைவா? ஒரே குழந்தைக்கு இரண்டு டாக்டர்கள் சொன்ன இரண்டு காரணம்

2025 செப்டம்பர் 14, கேள்வி

என் அக்கா மகளுக்கு ஏழு வயது. இரண்டு வருடத்தில் மூன்று முறை பிளேட்லெட் இருபதாயிரத்துக்குக் கீழே போய்விட்டது. 'அவளுடைய எதிர்ப்பு சக்தியே பிளேட்லெட்டை அழிக்கிறது, அதை அடக்க வேண்டும்' என்று ஸ்டீராய்டு கொடுத்தார்கள். போன மாதம் இரண்டாவது தடவையாக நிமோனியா. இந்த முறை பார்த்த டாக்டர் 'பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி குறைவாக இருக்கலாம்' என்கிறார். அடக்க வேண்டிய அளவுக்கு அதிகமா, போதாத அளவுக்குக் குறைவா? இரண்டில் ஒருவர் தப்பு என்பது என் முடிவு. யார் என்று மட்டும் சொல்லுங்கள்.

செப்டம்பர் 14, இரவு 11.20, பதில்

இரண்டு பேர் சொல்வதும் சரி. விவரம் நாளைக்கு. அதற்குள் ஐவிஐஜி (நரம்பு வழியாக ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) பாட்டில் ஏற்றப் போகிறார்கள் என்றால், ஏற்றுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

செப்டம்பர் 15

என் மகனுக்கு இப்போது பதிமூன்று. ஐந்து வயதில் தொடையிலும் முழங்காலிலும் ஊதாப் புள்ளிகள், பல் தேய்த்தால் ரத்தம். மழைக்காலம் வேறு. பிளேட்லெட் எட்டாயிரம் என்று ரிப்போர்ட் வந்ததும் தெருவே கூடி டெங்கு என்று முடிவு கட்டியது. மூன்று வீட்டிலிருந்து பப்பாளி இலைச் சாறு வந்தது. காய்ச்சலே இல்லாமல் என்ன டெங்கு என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. நான்காம் நாள் ஐடிபி என்றார்கள். கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம்தான் ஆன்டிபாடி; ஐடிபியில் பிளேட்லெட்டின் மேல் உடம்பே அதை ஒட்டிவிடுகிறது, மண்ணீரல் அந்தப் பிளேட்லெட்டைப் பிடித்துத் தின்றுவிடுகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்குள் தானாகச் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். உண்மைதான். அந்தப் பெரும்பாலானவர்களில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஏழு வயதில் சிவப்பணுவும் உடைய ஆரம்பித்தது. கண் மஞ்சளானது. இந்த முறை தெரு கீழாநெல்லி கொண்டு வந்தது. சிவப்பணு மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் பரிசோதனை பாசிட்டிவ். பிளேட்லெட், சிவப்பணு இரண்டையும் உடம்பு தாக்கினால் அதற்கு எவான்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர். நடுவில் இரண்டு நிமோனியா, நிற்காத காதுச் சீழ். ஒன்பது வயதில் வார்டில் இருந்த ஒரு பயிற்சி மருத்துவர், சின்னப் பெண், 'ஐஜிஜி எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா அம்மா?' என்று கேட்டார். ஐஜிஜி என்பது ரத்தத்தில் இருக்கும் முக்கியமான ஆன்டிபாடி. நான்கு வருடத்தில் யாரும் பார்க்கவில்லை. பார்த்தால் 210. அந்த வயதுக்கு 600-க்கு மேல் இருக்க வேண்டும். 'ஸ்டீராய்டால் இறங்கியிருக்கும்' என்று பெரியவர்கள் சொன்னதில் இன்னொரு வருடம் போனது. பத்து வயதில்தான் மரபணுப் பரிசோதனை. எதிர்ப்பு சக்திக்குப் பிரேக் போடும் சிடிஎல்ஏ-4 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாம் எதிர்ப்பு சக்தியை மாடித் தொட்டித் தண்ணீர் மாதிரி நினைக்கிறோம். மட்டம் ஏறினால் தன்னையே தாக்கும், இறங்கினால் கிருமி புகும். அங்கேதான் கோளாறு. வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டும் படுத்துவிடும், மைதானத்தில் மண்டையும் உடையும். ஒன்று குறைவு, ஒன்று அதிகம். காரணம் ஒன்றுதான்.

செப்டம்பர் 16

'வாத்தியார் என்றால் எந்த செல் அக்கா?' என்று ஒருவர். ஒரே வாத்தியார் இல்லை, பள்ளிக்கூடம் பெரிது. ஒவ்வொருவராக வருவார்கள்.

செப்டம்பர் 17

'அக்கா, உங்கள் ஒரு பிள்ளைக்கு வந்ததை வைத்துப் பொதுவாகப் பேசக் கூடாது' என்று எழுதியவருக்கு. நியாயம். பிரான்சில் பிறவி எதிர்ப்பு சக்திக் குறைபாடு உள்ளவர்களுக்கு நாடு முழுவதற்குமான பதிவேடு இருக்கிறது. அதிலிருந்து 2,183 பேரை எடுத்துப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 26 பேருக்கு ஏதோ ஓர் ஆட்டோ இம்யூன் (எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும்) அல்லது அழற்சி நோய். ரத்த அணுக்களை உடம்பே அழிக்கும் வகை மட்டும் பொது மக்களைவிடக் குறைந்தது 120 மடங்கு. சிறுவர்களில் குடல் அழற்சி 80 மடங்கு. எதிர்ப்பு சக்தி குறைந்தால் தன்னைத் தாக்காது என்பது உண்மையானால் இந்த எண்கள் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

மறுபக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறார்கள். சிறு வயதில் எவான்ஸ் வந்த 80 பேரின் மரபணுவைப் படித்ததில் 32 பேருக்கு, ஏற்கெனவே தெரிந்த எதிர்ப்பு சக்தி மரபணுக்களில் ஒன்றில் பிழை. என் மகனுடையதும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த ஆய்வு வந்தது 2019-இல். எங்கள் வார்டுக்கு அது நடந்தே வந்தது போலிருக்கிறது.

செப்டம்பர் 18

இந்தக் கதை எங்கே தொடங்குகிறது என்று தேடினால் 1952-க்குப் போகிறது. ஆக்டன் புரூட்டன், அமெரிக்க ராணுவ மருத்துவர், வாஷிங்டனில் வால்டர் ரீட் மருத்துவமனை. எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு நான்கு வருடத்தில் பத்தொன்பது முறை ரத்தத்தில் கிருமி. ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும், அப்போது புதிதாக வந்திருந்த எலக்ட்ரோஃபோரசிஸ் கருவியில் அவன் ரத்தத்தை ஓட்டிப் பார்த்தால், ஆன்டிபாடிகள் அடங்கிய காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கருவிதான் கெட்டுவிட்டது என்று யாராக இருந்தாலும் முதலில் நினைத்திருப்பார்கள். மாதா மாதம் காமா குளோபுலினைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார், பையன் தேறினான். பழுதான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது 1993-இல்தான். அவர் பெயரையே வைத்து பிடிகே என்றார்கள். அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் நோய் ஆண் பிள்ளைகளுக்கு.

அந்தப் பிள்ளைகளுக்கு ஆன்டிபாடி செய்யும் பி செல்லே கிடையாது. ஆகவே ஆட்டோ இம்யூனும் வராது. ஆன்டிபாடியே இல்லாதவன் தன்னைத் தாக்க எதைக் கொண்டு தாக்குவான்?

செப்டம்பர் 20

மேலே கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள். உற்சாகத்தில் எழுதியது. புரூட்டன் நோய் உள்ள பிள்ளைகளுக்கு மூட்டு வீக்கம் வருவதை 1950-களிலேயே கவனித்திருக்கிறார்கள். குடல் அழற்சியும் சிலருக்கு வருகிறது. பி செல் இல்லையென்றால் டி செல் (எதிர்ப்பு சக்தியின் இன்னொரு வகை வெள்ளையணு) இருக்கிறதே. ஐடிபி மாதிரி ஆன்டிபாடியால் வருவது அவர்களுக்கு மிக அரிது, அவ்வளவுதான் சொல்லலாம். பள்ளிக்கூடம் என்று பெரிதாகப் பேசிவிட்டு மூன்றே நாளில் நானே தொட்டிக் கணக்குக்குப் போய்விட்டேன்.

சுட்டிக்காட்டியவர் லேப் டெக்னீஷியன் என்று நினைக்கிறேன். அவர் சொன்ன இன்னொன்றையும் போடுகிறேன். பிறவிக் குறைபாடுகளிலேயே ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகை மட்டும் இல்லாதவர்கள்தான் மிக அதிகம். ஐரோப்பியர்களில் சுமார் 600 பேருக்கு ஒருவர். பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. ஆனால் கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இவர்களுக்குக் கூடுதல். வேடிக்கை என்னவென்றால் சீலியாக்குக்கு வழக்கமாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஐஜிஏ ஆன்டிபாடியைத்தான் தேடும். இல்லாததைத் தேடினால் 'நெகட்டிவ்' என்றுதான் வரும். மொத்த ஐஜிஏவையும் கூடவே பார்க்கச் சொல்வது இதற்காக.

செப்டம்பர் 21

ஐவிஐஜிக்கு முன்னால் ரத்தம் எடுத்து வைக்கச் சொன்னேனே, அதன் கதை.

ஐவிஐஜி என்பது ஆயிரக்கணக்கான பேர் தானம் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்த ஐஜிஜி. அது ஏறிய பிறகு ஐஜிஜி பார்த்தால் ஊராருடைய கணக்குத்தான் தெரியும், பிள்ளையுடையது தெரியாது. என் மகனுக்கு ஆறு வயதில் ஒரு முறை பாட்டில் ஏற்றி இரண்டு வாரம் கழித்து ஏதோ காரணத்துக்காக ஹெபடைட்டிஸ் பி பார்த்தார்கள். கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ். வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. என் மாமியார் அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார். நான் அவரைத் திட்டவில்லை, எனக்கும் பயம்தான். வைரஸின் டிஎன்ஏ தேடினார்கள், இல்லை. சில மாதம் கழித்துப் பார்த்தால் அந்த ஆன்டிபாடியும் இல்லை. தானம் கொடுத்தவர்களில் யாருக்கோ எப்போதோ வந்து போன நோயின் அடையாளம் பாட்டிலோடு வந்து, கரைந்து போயிருக்கிறது. அந்தத் தட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன், இட்லிப் பொடி வைக்க.

இதே பாட்டிலைப் பற்றி இன்னொன்று. ஐஜிஜி குறைந்தவர்களுக்கு எடைக்குக் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை. இல்லாததை நிரப்ப. ஐடிபிக்கு கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். அடிக்கிறதை அடக்க. நிரப்பவும் அடக்கவும் ஒரே பாட்டில், அளவு மட்டும் வேறு! ஐடிபிக்கு இது வேலை செய்யும் என்று 1981-இல் சுவிட்சர்லாந்தில் பால் இம்பாக் என்ற குழந்தை மருத்துவர் வெளியிட்டார். அதற்கு வழி காட்டியவன் பிளேட்லெட்டும் குறைந்து, அடக்கும் மருந்துகளால் ஐஜிஜியும் குறைந்து போன ஒரு பையன். குறைந்த ஐஜிஜியை நிரப்பத்தான் பாட்டில் போட்டார்கள், பிளேட்லெட் ஏறியது. உங்கள் கேள்விக்கு அந்தப் பையன் அப்போதே பதில் சொல்லிவிட்டான்.

செப்டம்பர் 22

அதற்காக ஸ்டீராய்டு கொடுத்த டாக்டரைப் பழி சொல்லாதீர்கள். எட்டாயிரத்தில் நிற்கும் பிள்ளைக்கு மூளையில் ரத்தம் கசியாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை வரும்போதும் ஐஜிஜி பார்க்காததுதான் என் வருத்தம். முக்கியமாக ரிட்டுக்சிமாப் போடுவதற்கு முன். அது பி செல்லைத் துடைத்துவிடும், அதற்குப் பிறகு ஐஜிஜி இறங்கினால் மருந்தால் இறங்கியதா, பிறவியா என்று சொல்வது மிகக் கஷ்டம்.

செப்டம்பர் 27

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: 'சொந்தத்தில் கல்யாணமா?'

இல்லை. என் கணவர் ஊர் சாத்தூர், என் ஊர் லால்குடி, கல்யாணத்துக்கு முன் இரண்டு வீட்டுக்கும் முகம் தெரியாது. சிடிஎல்ஏ-4-இல் ஒரு பிரதி கெட்டாலே போதும், சொந்தம் தேவையில்லை. ஆனால் இதைக் கேட்டவரை மடக்கிவிட்டதாக நினைக்கவில்லை, ஏனென்றால் வேறு பல குறைபாடுகளில் இரண்டு பிரதியும் கெட வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிள்ளைக்கு ஓர் இடத்தில் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்து சேர 16-இல் 1 வாய்ப்பு. தாய்மாமனைக் கட்டினால் 8-இல் 1. நம் பக்கம் இது வெறும் கணக்கு இல்லை.

அந்த வகையில் எங்கள் வீட்டு நோயின் தம்பி மாதிரி ஒன்று இருக்கிறது, எல்ஆர்பிஏ. சிடிஎல்ஏ-4 என்பது டி செல்லின் பிரேக். கிருமியைக் காட்டிக்கொடுக்கும் செல்லின் மேல் 'அடி' என்று தூண்டும் கைப்பிடிகள் இருக்கும். சிடிஎல்ஏ-4 அவற்றைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விடும், பிறகு திரும்பி மேலே வர வேண்டும். வரும் வழியில் அதைக் குப்பைத் தொட்டியில் விழாமல் காப்பாற்றுவது எல்ஆர்பிஏ. அது இல்லாத பிள்ளைக்கு சிடிஎல்ஏ-4 மரபணு நன்றாக இருந்தும் பிரேக் கையில் இல்லை. இரண்டு நோயும் பார்க்க ஒரே மாதிரி: ரத்த அணு அழிவு, பெரிய மண்ணீரல், வயிற்றுப்போக்கு, நுரையீரலில் டி செல் குவிதல், கூடவே ஐஜிஜி குறைவு. 2015-இல் இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தவர்கள், முடக்குவாதத்துக்கு ஏற்கெனவே இருந்த அபாடசெப்ட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்து என்ன தெரியுமா? சிடிஎல்ஏ-4-இன் தலைப் பகுதியை ஐஜிஜியின் வாலில் ஒட்டியது. இல்லாத பொருளையே பாட்டிலில் கொடுக்கிறார்கள். என் மகனுக்கும் மூன்று வருடமாக அதுதான். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே வரவில்லை. இதை எழுதும்போது பக்கத்தில் மர மேசையைத் தொட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 6, மாலை

எல்லோரும் செய்தி பார்த்தீர்களா! நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் விஷயத்துக்குத்தான் மருத்துவ நோபல் கொடுத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 7

நிதானமாக எழுதுகிறேன். மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. நான் செப்டம்பரில் சொன்ன வாத்தியார்களில் இது பி.டி. வாத்தியார்: ஒழுங்குபடுத்தும் டி செல், சுருக்கமாக டிரெக்.

1940-களின் கடைசியில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், அணுகுண்டுத் திட்டத்தின் ஆய்வுக்கூடத்தில், கதிர்வீச்சு என்ன செய்யும் என்று பார்க்க எலி வளர்த்தார்கள். அதில் சில ஆண் குட்டிகள் தோல் உரிந்து, மண்ணீரல் வீங்கி, சில வாரங்களில் செத்தன. ஸ்கர்ஃபி என்று பெயர் வைத்துப் பரம்பரையைக் காப்பாற்றி வைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்து, சியாட்டில் பக்கம் ஒரு சின்ன பயோடெக் கம்பெனியில் பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் அந்த எலியின் எக்ஸ் குரோமோசோமைச் சல்லடை போட்டுத் தேடி 2001-இல் ஃபாக்ஸ்பி3 மரபணுவைப் பிடித்தார்கள். அதே மரபணு கெட்ட மனிதக் குழந்தைக்கு ஐபெக்ஸ் என்ற நோய்: பிறந்த சில வாரத்தில் சர்க்கரை நோய், நிற்காத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி. சகாகுச்சி 1995-இலேயே ஜப்பானில் இந்த செல்களைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தார். அடக்கும் டி செல் என்ற பேச்சையே விஞ்ஞானிகள் கைவிட்டிருந்த காலம் அது. மனிதர் விடவில்லை.

பிரங்கோவுக்கு ஸ்வீடனிலிருந்து போன் வந்தபோது ஸ்பாம் என்று நினைத்து எடுக்கவில்லையாம். எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துவிட்டது.

சிடிஎல்ஏ-4 பிரேக்கை அதிகம் வைத்திருப்பது இந்த டிரெக்குகள்தான். 2018-இல் ஜேம்ஸ் அலிசனுக்கு நோபல் கொடுத்ததும் இதே சிடிஎல்ஏ-4-க்கு, ஆனால் எதிர்த்திசையில். புற்றுநோயை டி செல் அடிக்கட்டும் என்று பிரேக்கை மருந்தால் அடைத்தார்கள். அந்த மருந்தின் பக்க விளைவுகளை ஒரு முறை படித்தேன்: குடல் அழற்சி, தைராய்டு, தோல். என் மகனின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிக்கிற மாதிரி இருந்தது.

அக்டோபர் 8

'ஐபெக்ஸ் குழந்தையின் அம்மாவுக்கும் ஒரு எக்ஸ் கெட்டிருக்குமே, அவருக்குப் பாதி டிரெக் இருக்காதே, ஏன் நோய் வருவதில்லை?' நல்ல கேள்வி, பதிலும் அழகு. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று உறங்கும். நல்ல எக்ஸ் விழித்திருக்கும் செல்கள்தான் டிரெக்காகத் தேறும், மற்றவை போட்டியில் தோற்றுவிடும். ஆகவே அவருக்கு இருக்கும் டிரெக் எல்லாம் நல்லவை.

எல்லாக் குறைபாட்டிலும் அம்மாக்கள் இப்படித் தப்புவதில்லை. சிஜிடி என்று ஒன்று, வெள்ளையணு கிருமியை விழுங்கும் ஆனால் கொல்லாது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் சிலருக்கு முகத்தில் லூப்பஸ் (தோல், மூட்டு, சிறுநீரகம் என்று உடம்பே தன்னைத் தாக்கும் நோய்) மாதிரித் தடிப்பு வருகிறது, வெயிலில் போனால் கூடுகிறது. பிள்ளைக்கு எதிர்ப்புக் குறைவு, அம்மாவுக்கு லூப்பஸ் சாயல், மரபணு ஒன்று. (சிஜிடி வீடுகளில் இன்னொரு கவனம்: பிறந்தவுடன் போடும் பிசிஜி தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. அண்ணனுக்கு இந்த நோய் இருந்தால் தம்பிக்குப் பரிசோதனை முடியும் வரை நிறுத்தி வைக்க டாக்டரிடம் பேச வேண்டும்.)

அக்டோபர் 21

தீபாவளி முடிந்த காலை. ராத்திரி மழையில் தெருவெல்லாம் ஊறிய பட்டாசுக் காகிதம், அள்ள ஆள் வரவில்லை. வாசலில் நின்றபோது சி1க்யூ ஞாபகம் வந்தது. எனக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் உடம்பில் தினமும் கோடிக்கணக்கான செல் சாகிறது. அந்தக் குப்பையில் குறி வைத்து 'அள்ளு' என்று சொல்வது ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற புரத வரிசையின் முதல் ஆளான சி1க்யூ. பிறவியிலேயே இது இல்லாதவர்களுக்குக் கிருமியும் வரும். அதைவிட, நூற்றுக்கு தொண்ணூறு பேருக்கு மேல் லூப்பஸ் வருகிறது. அள்ளாத குப்பையில் செல்லின் உள்ளே இருக்க வேண்டிய டிஎன்ஏ தெருவில் கிடக்கிறது, பாதுகாவலர்கள் அதைப் பார்த்து அந்நியன் என்று கை வைக்கிறார்கள். வரிசையில் அடுத்து வரும் சி4 இல்லாவிட்டாலும் லூப்பஸ் மிக அதிகம். சி2 இல்லையென்றால் சிலருக்குத்தான். இங்கே பிரேக்கும் இல்லை, வாத்தியாரும் இல்லை, துப்புரவுதான் பிரச்சினை. பள்ளிக்கூடக் கதைக்கு இது பொருந்தவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். எல்லாக் குறைபாட்டுக்கும் ஒரே உவமை தேடினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். பிறவி எதிர்ப்புக் குறைபாடுகளின் 2022 சர்வதேசப் பட்டியலிலேயே 485 வகை.

நவம்பர் 2

'கபசுரக் குடிநீர் கொடுத்தால் எதிர்ப்பு சக்தி கூடுமே, முயற்சி செய்தீர்களா?' கொடுத்தோம், 2020-இல் யார் கொடுக்கவில்லை. ஆனால் 'கூட்டு' என்ற சொல்லே எங்கள் வீட்டில் வில்லங்கம். எதைக் கூட்ட? அடிக்கும் செல்லையா, தடுக்கும் செல்லையா?

கொரோனா என்றதும் இன்னொன்று. இதுவரை குறைபாட்டிலிருந்து ஆட்டோ இம்யூன் வருவதைத்தான் பேசினோம். திருப்பியும் நடக்கிறது. ஏர் (AIRE) என்று ஒரு மரபணு, பின்லாந்திலும் சார்டீனியாத் தீவிலும் ஈரானிய யூதர்களிடமும் இதன் பிழை அதிகம். தைமஸ் சுரப்பியில் டி செல்லுக்கு 'இது உன் கணையம், இது உன் அட்ரீனல், இதைத் தொடாதே' என்று மாதிரி காட்டிப் பாடம் நடத்துவது இதன் வேலை. (வாத்தியார் திரும்பி வந்துவிட்டார்.) பாடம் நடக்காத பிள்ளைகளுக்குச் சுரப்பிகள் ஒவ்வொன்றாகப் போகும், கூடவே வாயில் தீராத பூஞ்சை. சுரப்பி போவது ஆட்டோ இம்யூன், பூஞ்சை எதிர்ப்புக் குறைவு என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். 2010-இல் பார்த்தால், பூஞ்சையைத் தடுக்கும் இன்டர்லூகின்-17-ஐயே அவர்கள் உடம்பு ஆன்டிபாடி போட்டு முடக்கி வைத்திருக்கிறது. அந்தக் குறைபாடே ஓர் ஆட்டோ இம்யூன்.

இதே பிள்ளைகளுக்கு, வைரஸைத் தடுக்க உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரானுக்கு எதிராகவும் ஆன்டிபாடி உண்டு. அதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் 2020-இல் கொரோனா முற்றிய 987 பேரின் ரத்தத்தில் தேடினார்கள். 101 பேருக்கு இருந்தது, அதில் 95 பேர் ஆண்கள். அதுவரை சாதாரணமாக நடமாடியவர்கள். அந்த வருடம் என் பெரியப்பா போனார், எழுபத்திரண்டு வயது, ஒரு நாள் மருந்து சாப்பிட்டதில்லை. அவருக்கு இதுதான் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. படித்தபோது அவர் முகம் வந்தது, எழுதிவிட்டேன்.

நவம்பர் 9

'மரபணு யாரிடமிருந்து வந்தது?' என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள், நாசூக்காக.

என்னிடமிருந்து.

எனக்கு இருபத்திரண்டு வயதில் தைராய்டு, வேறு ஒன்றும் இல்லை. இந்தப் பிழை உள்ள 133 பேரைப் பார்த்த ஆய்வில் 90 பேருக்குத்தான் நோய். மீதி ஆட்கள் என்னைப் போல ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். ஒரே பிழை ஒருவரை ஐசியுவிலும் ஒருவரைச் சமையலறையிலும் வைக்கிறது.

ரிசல்ட் வந்த அன்று வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து என் மாமியார், தனித் தட்டு வைத்தவர்தான், 'உன்கிட்டேருந்து அவனுக்கு வரும்னு யாருக்குத் தெரியும், எனக்குச் சர்க்கரை, என் பையனுக்கும் சர்க்கரை, நான் என்ன அழுதேனா?' என்றார். மருத்துவ ரீதியாக அரைகுறை வாதம். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு கொஞ்ச நாள் குடும்பத்தில் எல்லா நோயையும் இந்த மரபணு மேல் ஏற்றிப் பார்த்தேன். என் அப்பாவுக்கு ஆயுள் முழுக்க வயிறு சரியில்லை, சித்தப்பாவுக்குத் தோலில் வெள்ளை. அப்பாவுக்குப் பரிசோதனை செய்யவில்லை, அவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. என் தைராய்டே இதனால்தானா என்பதும் எனக்கு இப்போது சந்தேகம். எங்கள் தெருவில் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடும் பெண்கள் நான்கு பேர், அவர்கள் எல்லாருக்கும் சிடிஎல்ஏ-4-ஆ?

நவம்பர் 23

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்துவிட்டார். அக்கா மகளுக்கு ஐவிஐஜிக்கு முன் எடுத்த ரத்தத்தில் ஐஜிஜி 280, ஐஜிஏ ஏறக்குறைய இல்லை, பி செல் குறைவு. மரபணுவுக்கு ரத்தம் போயிருக்கிறது. முதல் டாக்டரும் இரண்டாம் டாக்டரும் போனில் பேசிக்கொண்டார்களாம். அதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மரபணு ரிப்போர்ட்டில் 'தெளிவற்ற மாற்றம்' (நோய்க்குக் காரணமா இல்லையா என்று சொல்ல முடியாதது) என்று ஏதாவது வந்தால் கலங்காதீர்கள், அதை வைத்து மட்டும் மருந்தை மாற்றவும் விடாதீர்கள். அம்மா அப்பா ரத்தத்தையும் கேட்பார்கள், கொடுங்கள். ஒன்றுமே வராமலும் போகலாம். அப்போதும் ஐஜிஜி குறைவு குறைவுதான், மாதா மாதம் நிரப்ப வேண்டும். பணத்துக்கு: 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் சில பிறவி எதிர்ப்புக் குறைபாடுகள், எலும்பு மஜ்ஜை மாற்றினால் தீரக்கூடியவை, முதல் பிரிவில் இருக்கின்றன. எஸ்சிஐடி (பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி ஏறக்குறைய இல்லாத நோய்), சிஜிடி, விஸ்காட்-ஆல்ட்ரிச் அவற்றில் சில. உங்களுடையது அதில் வருமா என்று பெயர் தெரிந்த பிறகுதான் சொல்ல முடியும்.

விஸ்காட்-ஆல்ட்ரிச் என்றதும், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது: ஆண் குழந்தை, பிறந்ததிலிருந்து பிளேட்லெட் குறைவு, தோலில் கரப்பான், பிளேட்லெட்டின் உருவமும் சிறிது என்றால் அதை ஐடிபி என்று எழுதிவிட்டுப் போக விடாதீர்கள்.

நவம்பர் 24

தம்பி கேட்டது: 'அபாடசெப்ட் வந்தால் நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?' இப்போதே அவ்வளவு தூரம் போகாதீர்கள். இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மருந்துக் குப்பியோடு சிலிகான் இல்லாத சிரிஞ்ச் ஒன்று கூடவே வரும், அதால்தான் கலக்க வேண்டும். ஒரு முறை நர்ஸ் அம்மா அவசரத்தில் சாதாரண சிரிஞ்சால் கலக்கிவிட்டார். குப்பிக்குள் கண்ணாடித் துகள் மாதிரி மிதந்தது, கொட்ட வேண்டியதாகிவிட்டது. அவரும் அழுதார், நானும் அழுதேன், மகன் மட்டும் 'அப்போ இன்னிக்கு ஊசி இல்லையா?' என்றான். அன்றிலிருந்து டப்பாவை நானே பிரித்து, அந்த சிரிஞ்சை எடுத்து அவர் கையில் கொடுக்கிறேன். வரும் வியாழன் அவனுக்கு அடுத்த டோஸ். அரைப் பரீட்சை டைம்டேபிள் பார்த்துவிட்டு வெள்ளிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.